ஓட்டமும் சத்தமும் – 9: வால்வு எப்போது மூட வேண்டும்?

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் எஞ்சினில் என்ன நடக்கும் என்று சென்ற வாரம் பார்த்தோம். காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியே போகும் வழியும் திறந்தாயிற்று. அடுத்ததாக எல்லோருடைய கண்ணும் போகிற இடம் கேம் ஷாஃப்ட். நாகர்கோவில் பட்டறைகளில் அந்தக் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “அண்ணே, கேம் மாத்துனா வண்டி பறக்கும்லா?” விவரம் தெரிந்த மெக்கானிக்காக இருந்தால் பதில் சொல்லும் முன் அவர் ஒன்று கேட்பார்: “மக்கா, நீ எந்த ரோட்டுல ஓட்டப்போற?”

அந்த எதிர்க்கேள்விதான் இந்த வாரக் கட்டுரை. கேம் என்பது இழுவையை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கும் பாகம். 2,500 சுற்றில் வேண்டுமா, 6,000 சுற்றில் வேண்டுமா என்று கேட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வேண்டும் என்பவருக்குப் பெரிய எஞ்சின்தான் தேவை, கேம் போதாது.

புள்ளிக்குப் புள்ளி

தமிழ்நாட்டில் கேமைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள புல்லட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 350 சி.சி. புல்லட் உருவாகத் தொடங்கியது அப்போதுதான். அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் வலப்பக்க டைமிங் கவரைக் கழற்றினால் கிராங்கின் பினியனும், இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என இரண்டு கேம் வீல்களும் தெரியும். பற்களில் புள்ளிகள் குத்தப்பட்டிருக்கும். புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்ட வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். கேமின் மூக்கு டாப்பெட்டைத் தூக்கும். டாப்பெட் புஷ் ராடை, புஷ் ராட் ராக்கரை, ராக்கர் வால்வை.

2008-க்குப் பின் வந்த யூ.சி.இ. எஞ்சினிலும் இரண்டு கேம், புஷ் ராட் என்ற அமைப்பு தொடர்ந்தது; டாப்பெட் மட்டும் ஹைட்ராலிக் ஆனது. 2020 நவம்பரில் மீட்டியார் 350-உடன் வந்த ஜே வரிசை எஞ்சினில் புஷ் ராடே இல்லை. ஒற்றைக் கேம் ஷாஃப்ட் மேலே சிலிண்டர் ஹெட்டில் உட்கார்ந்திருக்கிறது, செயினில் ஓடுகிறது.

கேம் தேடுபவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். தனித்தனி கேம் உள்ள எஞ்சினில் இன்லெட்டின் நேரத்தையும் எக்ஸாஸ்டின் நேரத்தையும் தனித்தனியே முன்பின் நகர்த்தலாம். ஒற்றை ஷாஃப்டில் இரண்டு மூக்குகளுக்கும் இடையிலான கோணம், அரைத்தவர் அரைத்ததுதான். அதைப் பிறகு திருத்த முடியாது. எனவே மீட்டியார்காரர் வாங்கும்போதே சரியாக வாங்க வேண்டும்.

நான்கு எண்கள், அதில் ஒன்று

கேம் விற்பவர்கள் பெருமையாகச் சொல்வது லிஃப்ட்: வால்வு எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்பது. அடுத்ததாகச் சொல்வது டியூரேஷன்: கிராங்கின் எத்தனை டிகிரி நேரத்துக்கு வால்வு திறந்திருக்கிறது என்பது. இரண்டும் தேவைதான். ஆனால் கேமின் குணத்தைச் சொல்வது நான்கு நேரங்கள்: இன்லெட் திறப்பது, இன்லெட் மூடுவது, எக்ஸாஸ்ட் திறப்பது, எக்ஸாஸ்ட் மூடுவது. இந்த நான்கில் ஒன்றை மட்டும்தான் கேட்கலாம் என்றால், இன்லெட் மூடும் நேரத்தைக் கேளுங்கள்.

நாஞ்சில் நாட்டு வயல்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால்வாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது மடையைச் சற்றுத் தாமதமாக அடைத்தாலும் வயலுக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். ஓட்டம் மெதுவாக இருக்கும்போது தாமதித்தால் வயலில் ஏறிய தண்ணீரே திரும்பக் கால்வாய்க்கு வடிந்துவிடும். எஞ்சினிலும் அதே கதை. பிஸ்டன் கீழே போய் முடித்து மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்துதான் இருக்கும். அதிகச் சுற்றில் உள்ளே பாயும் காற்றுக்கு வேகம் இருக்கிறது. ஏறிவரும் பிஸ்டனை மீறியும் அது சிலிண்டரை நிரப்பும். குறைந்த சுற்றில் அந்த வேகம் இல்லை. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டனே திரும்ப வெளியே தள்ளிவிடும்.

எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூ.சி.இ. 350-இன் அளவை எடுத்துக்கொள்வோம்: போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கம்ப்ரெஷன் 8.5-க்கு 1. பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 60 டிகிரியில் இன்லெட்டை மூடும் ஒரு கேமும், 75 டிகிரியில் மூடும் இன்னொரு கேமும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கேமில் வால்வு மூடும்போது பிஸ்டன் ஏறக்குறைய 18 மி.மீ. ஏறியிருக்கும். இரண்டாவதில் ஏறக்குறைய 28 மி.மீ. வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது. ஆகவே முதல் கேமில் அழுத்துவதற்கு மிஞ்சுவது 72 மி.மீ., இரண்டாவதில் 62 மி.மீ. காகிதத்தில் 8.5 என்று இருக்கும் கம்ப்ரெஷன், மெதுவாக ஓடும்போது முதல் கேமில் 7 ஆகவும் இரண்டாவதில் 6.2 ஆகவும் இறங்கிவிடுகிறது. வெறும் 15 டிகிரிதான் வித்தியாசம். “ஃபர்ஸ்ட் கியர்ல புல்லிங்கே இல்ல” என்று கேம் மாற்றிய பிறகு வரும் புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

பெரிய கேமுடன் கம்ப்ரெஷன் கூடிய பிஸ்டனையும் சேர்த்து விற்பது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். பிஸ்டனை மாற்றாமல் கேமை மட்டும் பெரிதாக்குவது பாதி வேலை.

பத்து சதவீதத்தின் ரகசியம்

கேம் விளம்பரங்களில் “10 சதவீதம் கூடுதல் பவர்” என்று பார்த்திருப்பீர்கள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தச் சுற்றில் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மீட்டியார் 350-இன் தொழிற்சாலைக் கணக்கு: 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் இழுவை, 6,100 சுற்றில் 20.2 குதிரைத்திறன். இழுவையைச் சுற்றால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். இதைத் திருப்பிப் போட்டால் 6,100 சுற்றில் எஞ்சினின் இழுவை 23.6 நியூட்டன் மீட்டராகக் குறைந்திருப்பது தெரியும். அதாவது இழுவை 4,000-இல் உச்சம் தொட்டுவிட்டு இறங்குகிறது. சுற்று ஏறுவதால் மட்டும் குதிரைத்திறன் ஏறுகிறது. இப்போது ஒரு கேம் 6,100 சுற்றில் இழுவையை 26-இல் தாங்கிப் பிடித்தால் குதிரைத்திறன் 22.3 ஆகும். பத்து சதவீதம் வந்துவிட்டது, சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் ஐந்தாவது கியரில் அந்தச் சுற்றை எட்டும்போது மீட்டியார் தன் உச்ச வேகத்தை நெருங்கியிருக்கும். தக்கலையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு அப்படி ஓட்ட முடியுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துச் சாலை என்ன கேட்கிறது?

கன்னியாகுமரி மாவட்டம் சிறியது; சாலைகளின் குணம் மட்டும் பல. மேற்கே களியக்காவிளை வரை கடையும் வீடும் விடாமல் தொடரும் சாலை. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் கீழே நெரிசல் இருக்கத்தான் செய்கிறது. இங்கெல்லாம் வண்டி இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே பிழைக்கிறது. வடக்கே குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைக்கும், கீரிப்பாறை வழியாகக் காளிகேசத்துக்கும் ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறும் பாதைகள் வளைவும் ஈரமும் நிறைந்தவை. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைத் திருகிய அளவுக்கு மெதுவாகவும் சீராகவும் இழுவை வர வேண்டும். 4,500 சுற்றில் திடீரென விழித்துக்கொள்ளும் எஞ்சின் ஈரச் சாலையில் பின்சக்கரத்தை வழுக்கவிடும்.

இனி ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டதற்கான காரணமே பைக்காரருக்கும் பொருந்தும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. திருநெல்வேலி போய்விட்டுத் திரும்புகிறவர் காவல்கிணறு தாண்டியதும் அதை நேருக்கு நேர் வாங்குகிறார். காற்றின் எதிர்ப்பு, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 70 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 30 கி.மீ. காற்று அடித்தால், வண்டியைத் தடுக்கும் காற்றின் விசை அமைதியான நாளில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஸ்பீடாமீட்டர் முள் அதே 70-இல் நிற்கும். எஞ்சின் மட்டும் முனகும். அங்கே தேவைப்படுவது நடுத்தரச் சுற்றின் இழுவை. அது குறைந்திருந்தால் ஒரு கியர் இறக்கி, சுற்றை ஏற்றி, வீடு வரை அதிர்வோடு ஓட்ட வேண்டியதுதான்.

காஷ்மீரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-இல் 3,700 கி.மீ.க்கு மேல் ஓட்டிவந்து முக்கடலில் நின்று படமெடுக்கிற க்ரூஸர் வண்டிகளையும் சேர்த்துப் பாருங்கள். அவற்றின் எஞ்சின்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை நடுத்தரச் சுற்றுகளில்தான் கழிக்கின்றன. தொழிற்சாலைக் கேம் அந்த வாழ்க்கைக்கென்றே வெட்டப்பட்டது.

மூன்று வண்டி, மூன்று பதில்

மீட்டியார், பழைய தண்டர்பேர்ட் போன்ற 350-களுக்கு என் பரிந்துரை சுருக்கமானது: கேமைத் தொடாதீர்கள். புல்லிங் குறைவு என்று தோன்றினால் முன் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். 16 பல் இருக்கும் இடத்தில் 15 பல் போட்டால் சக்கரத்தில் இழுவை எல்லாச் சுற்றிலும் ஏறக்குறைய 6.7 சதவீதம் கூடும். அதே அளவுக்கு, ஒரே வேகத்தில் போகும்போது எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். பிடிக்காவிட்டால் பழைய ஸ்ப்ராக்கெட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கேமில் அந்த வசதி இல்லை.

2023-இல் இந்தியச் சாலைக்கு வந்த சூப்பர் மீட்டியார் 650 வேறு இனம். 648 சி.சி., இரட்டைச் சிலிண்டர், சிலிண்டருக்கு 4 வால்வு. உச்ச இழுவையான 52.3 நியூட்டன் மீட்டரை 5,650 சுற்றில் தருகிறது. சுற்ற விரும்பும் எஞ்சின் இது. கேம் மாற்றத்துக்குப் பலன் தரும் எஞ்சினும் இதுதான். ஆனால் இதன் உச்சம் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதை இன்னும் மேலே தள்ளும் கேம், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் பொருந்தும். சாலைக்கென்றால் டியூரேஷனை அதிகம் கூட்டாமல் லிஃப்டை மட்டும் சற்று உயர்த்தும் மிதமான கேமைத் தேட வேண்டும். லிஃப்ட் கூடினால் காற்று வரும் வாசல் பெரிதாகும். மூடும் நேரம் மாறாததால் கீழ்ச்சுற்று இழுவை பெரிதாகக் கெடாது.

ஹார்லியின் பெரிய வி-ட்வின்களில் கேம் மாற்றுவது ஒரு பழைய கலை. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. கேம்கள் எஞ்சினின் வலப்பக்க மூடிக்குப் பின்னால் இருப்பதால், எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்காமலே மாற்றிவிடலாம். 1999 மாடலுடன் வந்த ட்வின் கேமில் இரண்டு கேம்கள். 2017 மாடலுடன் வந்த மில்வாக்கி-எய்ட்டில் மீண்டும் ஒன்று. ட்வின் கேமின் தொடக்ககால எஞ்சின்களில் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனரின் பட்டை தேயும். அதைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டாயம் வருவதால், “திறந்ததுதான் திறந்தோம்” என்று பலரும் அப்போதே கேமையும் மாற்றிக்கொண்டார்கள். மில்வாக்கி-எய்ட் 3,000 சுற்றை ஒட்டியே உச்ச இழுவை தருவது. அதற்குக் கேம் வாங்குகிறவர் இரண்டு வகையைக் காண்பார்: 2,000 முதல் 4,000 வரை இழுவையைப் பெருக்கும் கேம், 4,500-க்கு மேல் பவரைத் துரத்தும் கேம். பின்னால் மனைவியும் இருபக்கப் பெட்டிகளும் இருக்குமானால் முதல் வகை. சந்தேகமே வேண்டாம்.

சத்தத்துக்காகக் கேம்

பலருக்குப் பவர் ஒரு சாக்கு. உண்மையில் வேண்டியது நின்ற இடத்தில் தாளம் தப்பித் தப்பி அடிக்கும் அந்த ஐட்லிங் சத்தம். அது ஓவர்லேப்பிலிருந்து வருகிறது. எக்ஸாஸ்ட் மூடுவதற்கு முன்பே இன்லெட் திறந்துவிட்டால் கொஞ்ச நேரம் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும். அதிகச் சுற்றில் வெளியேறும் புகை புதுக் காற்றை இழுத்துவர இது உதவும். ஐட்லிங்கில் புகை இன்லெட்டுக்குள் திரும்புகிறது, கலவை கெடுகிறது, சில வெடிப்புகள் தவறுகின்றன. காதுக்கு இனிமையாக இருப்பது அந்தத் தவறுதல்தான்.

கார்புரேட்டர் காலத்தில் இதைச் சகித்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எரியாமல் தப்பிய காற்று அதன்மேல் பட்டதும் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று அது இ.சி.யு.வுக்குச் சொல்லும், இ.சி.யு. மேலும் பெட்ரோலை ஊற்றும். ஐட்லிங் இன்னும் கெடும், மைலேஜ் இறங்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறும். எனவே இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஓவர்லேப் கூடிய கேம் வாங்கினால், அதற்குரிய இ.சி.யு. மேப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

கேமைச் சுற்றியுள்ள பாகங்கள்

கேம் தனியாக வருவதில்லை. ஒரு கூட்டத்தையே அழைத்துவரும். முதலில் வால்வு ஸ்பிரிங். லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங் அதிகம் அமுங்கும். முழுதாக அமுங்கிய நிலையிலும் சுருள்களுக்கு இடையே மொத்தம் 1.5 மி.மீ. அளவாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். சுருளோடு சுருள் முட்டினால் புஷ் ராட் வளையும், ராக்கர் உடையும்.

இரண்டாவது, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள இடம். ஓவர்லேப் நேரத்தில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இரண்டு வால்வுகளும் லேசாகத் திறந்திருக்கும். பொதுவாக இன்லெட்டுக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. என்பதைக் குறைந்தபட்ச இடைவெளியாக வைப்பார்கள். பிஸ்டன் தலையில் களிமண் பூசி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, ஹெட்டைக் கழற்றிப் பதிந்த இடத்தின் தடிமனை அளந்தால் விடை கிடைக்கும். பழைய வித்தை, இன்றும் இதைவிட நம்பகமானது வேறில்லை.

மூன்றாவது, டிகிரி பிளேட். புள்ளிக்குப் புள்ளி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அரைத்ததில் இரண்டு மூன்று டிகிரி பிசகு இருக்கலாம். கிராங்கில் டிகிரி பிளேட், டாப்பெட்டில் டயல் கேஜ் வைத்து, கேமோடு வந்த அட்டையில் சொன்ன நேரத்தில் வால்வு மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கேமைச் சற்று முன்னே தள்ளினால் இன்லெட் சீக்கிரம் மூடும், கீழ்ச்சுற்று இழுவை கூடும்; பின்னே தள்ளினால் இழுவை மேற்சுற்றுக்குப் போகும். இந்த இரண்டு கருவியும் இல்லாத பட்டறையில் கேம் வேலை கொடுக்காதீர்கள்.

தட்டையான டாப்பெட் உள்ள பழைய புல்லட்டில் இன்னொரு விதியும் உண்டு. புதுக் கேமுக்குப் புது டாப்பெட்தான். பழைய டாப்பெட்டின் தேய்மானம் புதுக் கேமின் மூக்கைத் தின்றுவிடும். டாப்பெட் அட்ஜஸ்ட்மென்டின் பழைய இலக்கணம் அப்படியே பொருந்தும்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ் ராட் விரலால் திருகினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

சட்டமும் செலவும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் ஒன்றுதான். கேம் எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வாதமல்ல. புகைச் சோதனையில் அது வெளியே வரும். வாரன்டிக்காரர் கவரைக் கழற்றினால் தெரியும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் தேடிப் பார்ப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு கேம் வேண்டும் என்பவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: நான்கு நேரங்களும் அச்சிட்ட அட்டை உண்டா? லிஃப்டை வால்வில் அளந்தார்களா, கேமிலா? எந்தக் கம்ப்ரெஷனுக்காக வெட்டியது? எந்த ஸ்பிரிங், எந்த மேப்? “இது ஸ்டேஜ் டூ கேம், செமையா இருக்கும்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லையென்றால் பணத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இருந்தால் இன்லெட் மூடும் டிகிரியை முதலில் பாருங்கள். உங்கள் பழைய கேமைவிட 5 டிகிரிக்குள் தாமதம் என்றால் சாலையில் ஓட்டலாம். 15 டிகிரி என்றால், கம்ப்ரெஷன் கூட்டவும் ஆரல்வாய்மொழியில் கியர் இறக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த வாரம்: கம்ப்ரெஷனைக் கூட்டினால் பெட்ரோல் என்ன சொல்லும்? எஞ்சினில் கேட்கும் ‘டிங் டிங்’ சத்தமும் ஆக்டேன் எண்ணும்.